தளம் மாற்றியபின் பழைய இணைப்புகள் சதி செய்கின்றனவா? அறிகுறியை வைத்து ரீடைரக்ட் கோளாறு பிடிப்பது எப்படி

பல வருடம் ஓடிய தளத்தைப் புதிய பிளாட்ஃபார்முக்கு மாற்றிய மறுநாள் வருகிற புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முகப்பு அழகாகத் திறக்கும். யாரோ எப்போதோ பகிர்ந்த பழைய இணைப்பைத் தட்டினால் "பக்கம் இல்லை" (404) என்று வரும். இதையே திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: ரீடைரக்ட் விதிகள், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் விதிகள், எழுதிய கோப்பை முதலில் திறப்பதே இல்லை. அடிபட்ட முகவரி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்கு சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பேன். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், தலைவலி பிடித்த காரணம் கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன்னால் இரண்டு வேலைகள் மட்டும் இருக்கின்றன.

## எதையும் தொடுவதற்கு முன்

பிரவுசரை நம்பாதீர்கள். 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை பிரவுசர் தன் கேஷில் எழுதிவைத்துக்கொள்ளும். நீங்கள் சர்வரில் விதியைத் திருத்திய பிறகும் அது பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கும். திருத்தியது வேலை செய்யவில்லை என்று நினைத்து, சரியாக இருந்ததையும் கெடுத்துவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அதைச் செய்திருக்கிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, கர்ல் என்ற கட்டளைக்குப் பின்னால் ஓர் இடைக்கோடும் ஆங்கிலப் பெரிய ஐயும் போட்டு முகவரியைக் கொடுங்கள். வருகிற பதிலில் இரண்டு வரிகள் போதும்: முதல் வரியில் இருக்கும் எண், அப்புறம் லொகேஷன் என்று தொடங்கும் வரி. எண் என்ன, எங்கே அனுப்புகிறது, அவ்வளவுதான். டெர்மினல் பழக்கமில்லை என்றால் ஒவ்வொரு தாவலையும் (ஒரு முகவரியிலிருந்து அடுத்த முகவரிக்குத் தாவுவதை) வரிசையாகக் காட்டும் ரீடைரக்ட் செக்கர் தளம் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துங்கள். அதுவும் முடியாதென்றால் புதிதாகத் திறந்த மறைமுக (இன்காக்னிட்டோ) சாளரம்.

பழைய முகவரிகளின் பட்டியல் வேண்டும். இது இல்லாமல் செய்கிற திருத்தம் எல்லாம் இருட்டில் கல்லெறிவதுதான். பழைய சைட்மேப் (தளத்தின் முகவரிப் பட்டியல்), பழைய டேட்டாபேஸ், பழைய சர்வரின் ஆக்ஸஸ் லாக் (வருகைப் பதிவு) என எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதங்களுக்கான தேடல் விவரம் இருக்கும். ஆனால் அங்கிருந்து ஒரே முறையில் இறக்க முடிவது 1,000 வரிகள்தான். பெரிய தளமென்றால் உட்பிரிவு உட்பிரிவாக வடிகட்டி இறக்க வேண்டும். பழைய சர்வரே போய்விட்டது என்றால் வேபேக் மெஷினில் உங்கள் டொமைனைத் தேடுங்கள். அங்கே சேமிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலே கிடைக்கும்.

இவற்றை எல்லாம் ஒரு விரிதாளில் மூன்று நெடுவரிசைகளாக வைத்துக்கொள்கிறேன்: பழைய முகவரி, போக வேண்டிய புதிய முகவரி, உண்மையில் சர்வர் கொடுத்த பதில். முதல் இரண்டை எல்லோரும் வைத்திருப்பார்கள். மூன்றாவதை நிரப்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கோளாறு தெரிவதோ அந்த மூன்றாவதில்தான்.

## அறிகுறி: முகப்பு திறக்கிறது, பழைய உள்பக்கங்கள் அத்தனையும் 404

அத்தனையும் என்றால் நல்ல செய்தி. தனித்தனி விதிகளில் பிழை இருந்தால் இப்படி மொத்தமாக விழாது. விதிகளை யாரும் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

சோதனை எளிது. கோப்பின் தலையில் ஒரே ஒரு விதியைச் சேருங்கள்: இல்லாத ஒரு முகவரியிலிருந்து, உதாரணமாக /சோதனை123 என்பதிலிருந்து, முகப்புக்கு. கர்லில் பாருங்கள். இதுவும் 404 என்றால் கீழே உள்ள மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கோப்பு தவறான இடத்தில் இருக்கிறது. நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற நிலைத்தள ஹோஸ்டிங்கில், விதிக் கோப்பு நீங்கள் எழுதும் கோப்புறையில் இருந்தால் போதாது. பில்ட் (தளத்தின் இறுதிக் கோப்புகளை உருவாக்கும் வேலை) முடிந்து வெளியாகும் கோப்புறைக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தக் கோப்புறையை நீங்களே திறந்து, கோப்பு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வர் வேறு. எச்டிஅக்செஸ் என்ற விதிக் கோப்பு அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்கு உரியது. என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, பிழையும் காட்டாது. பழைய ஹோஸ்டிங்கில் வருடக்கணக்கில் வேலை செய்த கோப்பை அப்படியே புதிய சர்வரில் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். பதிலில் சர்வர் என்று ஒரு வரி வரும், அதில் பெயர் இருந்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். அப்பாச்சிதான் என்றால், எச்டிஅக்செஸ் விதிகளை ஏற்கும் அனுமதி (அலவ்ஓவர்ரைட்) அந்தக் கோப்புறைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

டொமைனும் மாறியிருக்கிறது, பழைய டொமைனுக்குப் பின்னால் யாரும் இல்லை. ரீடைரக்ட் என்பது பழைய முகவரியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் "அவர் இப்போது அங்கே இருக்கிறார்" என்று சொல்வது. பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்துவிட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை. பழைய டொமைனின் டிஎன்எஸ் (பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு), பதில் சொல்லக்கூடிய ஏதாவது ஒரு சர்வரைக் காட்ட வேண்டும். புதிய சர்வரையே காட்டலாம், ஆனால் அந்த சர்வர் பழைய பெயரையும் தன் பெயராக ஏற்றுக்கொள்ளும்படி அமைத்திருக்க வேண்டும்.

சோதனை விதி வேலை செய்து மற்றவை மட்டும் செய்யவில்லை என்றால், அப்பாச்சியில் முதலில் சாய்கோட்டைப் பாருங்கள். எச்டிஅக்செஸ் கோப்புக்குள் எழுதும் ரீரைட்ரூல் விதியில், பொருத்திப் பார்க்கும் பாதை முன்சாய்கோடு இல்லாமல்தான் வரும். சர்வரின் முதன்மைக் கட்டமைப்பில் எழுதினால் சாய்கோடோடு வரும். இணையத்தில் நகலெடுத்த விதி எந்த இடத்துக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: என்ஜின்எக்ஸ் கட்டமைப்பைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் உடனே. நூற்றுக்கணக்கான அப்பாச்சி விதிகளை என்ஜின்எக்ஸ் முறைக்கு மாற்ற வேண்டியிருந்தாலும், தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் மலிவு.

## அறிகுறி: சில பக்கங்கள் மட்டும் 404

அதிக நேரம் தின்பது இதுதான். விழுந்த முகவரிகளைப் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்வரை விதியைத் தொடாதீர்கள்.

### வால் மட்டும் வேறு

கடைசிச் சாய்கோடு இருக்கிறது அல்லது இல்லை. எச்டிஎம்எல் என்ற நீட்டிப்பு ஒட்டியிருக்கிறது. ஆங்கில முகவரியில் ஓர் எழுத்து பெரியதாக இருக்கிறது. பழைய விண்டோஸ் சர்வர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும், லினக்ஸ் விடாது. இவை எல்லாம் ஒரே விதியில் தீரும் விஷயங்கள்.

### முகவரியில் கேள்விக்குறி இருக்கிறது

வேர்ட்பிரஸின் பழைய எண் இணைப்புகள், கடைத் தளங்களின் பொருள் எண் எல்லாம் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும். அப்பாச்சியின் ரீரைட்ரூல் கேள்விக்குறி வரைக்கும்தான் பார்க்கும். பின்னால் இருப்பதைப் பொருத்த, குவெரி ஸ்டிரிங்கைச் சோதிக்கும் தனி நிபந்தனை வரி வேண்டும். என்ஜின்எக்ஸில் வேறு மாதிரி சிக்கல்: ரிட்டர்ன் என்று எழுதினால், கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்ததை நீங்களே சேர்க்காவிட்டால் அது கொட்டிப்போகும், ரீரைட் என்று எழுதினால் அதுவாகவே ஒட்டிக்கொண்டு வரும். விளம்பர இணைப்புகளிலிருந்து வருகிறவர்களின் எண்ணிக்கை திடீரென்று காணாமல் போனால் இங்கே பாருங்கள்.

### முகவரியில் தமிழ் இருக்கிறது

தமிழ்த் தளங்களை மாற்றும்போது நான் முதலில் கை வைக்கும் இடம் இது. பொதுவான வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது.

பிளாகரிலிருந்து வருகிறீர்களா? தலைப்பு முழுதும் தமிழில் இருந்தால் பிளாகர் அதை முகவரியில் சேர்க்காது. பிளாக்-போஸ்ட் என்று ஒரு பொதுப் பெயரும், அடிக்கோடு போட்டு ஓர் எண்ணும் கொடுத்துவிடும். அதனால் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரியை எந்தப் பொதுவிதியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டு, மாதம், எண் மூன்றும் சேர்ந்ததுதான் அடையாளம். ஏற்றுமதிக் கோப்பில் ஒவ்வொரு பதிவின் பழைய முகவரியும் தலைப்பும் இருக்கும். அதை வைத்து வரிக்கு வரி பட்டியல் போடுவது தவிர வேறு வழி இல்லை. கைப்பேசியில் பகிரப்பட்ட பிளாகர் இணைப்புகளின் வாலில், கைப்பேசிப் பக்கம் என்பதைக் குறிக்கும் ஒரு துணுக்கு கேள்விக்குறியோடு தொங்கும். அது இருந்தாலும் விதி பொருந்துகிறதா என்று சோதியுங்கள்.

வேர்ட்பிரஸிலிருந்து வருகிறீர்களா? அங்கே தமிழ்த் தலைப்பு முகவரியில் இருக்கும், ஆனால் முழுதாக இருக்காது. ஒரு தமிழ் எழுத்துக்குறி, யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் 3 பைட். முகவரியில் விழுக்காட்டுக் குறிகளாக (%) மாறும்போது அது 9 இடங்களை அடைக்கும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்குக் கொடுப்பது 200 இடங்கள். ஆக, 22 குறிகளில் பெயர் வெட்டுப்படும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் இன்னும் குறைவு. புதிய பிளாட்ஃபார்ம் அப்படி வெட்டாது. தலைப்பிலிருந்து முகவரியை மறுபடி உருவாக்கி "ஒன்றுதானே" என்று விட்டால், நீளத் தலைப்புள்ள பக்கங்கள் மட்டும் விழும். பழைய முகவரியைத் தலைப்பிலிருந்து ஊகிக்காதீர்கள், டேட்டாபேஸிலிருந்து எடுங்கள்.

இன்னொன்று, இது கண்ணால் பிடிக்கவே முடியாதது. "கொடி" என்ற சொல்லில் உள்ள கொ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாக வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. பைட்டுகள் வேறு, ஆகவே முகவரி வேறு. கொ, கோ, கௌ வருகிற பக்கங்கள் மட்டும் விழுகின்றன என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். பட்டியலின் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற இயல்பாக்க முறைக்கு மாற்றுங்கள். பைத்தானில் இரண்டு வரி வேலை. பழைய இணைப்பு எந்த வடிவில் பரவியிருக்கிறதோ அதற்கும் ஒரு விதி வையுங்கள். ஔ எழுத வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் தட்டியிருந்தால் இயல்பாக்கமும் காப்பாற்றாது, அதைக் கையால் திருத்த வேண்டும்.

போக வேண்டிய இடம் தமிழாக இருக்கும்போது வேறொரு விபத்து நடக்கும். லொகேஷன் வரியில் ஒவ்வொரு விழுக்காட்டுக் குறியையும் அடுத்து 25 என்று வந்திருக்கிறதா? ஏற்கெனவே குறியாக்கம் செய்ததை சர்வர் மறுபடி குறியாக்கம் செய்துவிட்டது. அப்பாச்சி விதியில் இலக்கை விழுக்காட்டுக் குறிகளாக எழுதாமல் தமிழிலேயே எழுதி, கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

### முதல் வரி மட்டும் வேலை செய்யவில்லை

சிஎஸ்வி கோப்பை இறக்குமதி செய்தீர்கள், எல்லாம் சரி, பட்டியலின் முதல் முகவரி மட்டும் 404. விரிதாள் மென்பொருள் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் என்ற குறியைப் போட்டிருக்கும். அது முதல் முகவரியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சாதாரண உரைத் தொகுப்பானில் திறந்து பிஓஎம் இல்லாமல் சேமியுங்கள். தமிழ் எழுத்துகளே கேள்விக்குறிகளாக மாறியிருந்தால், யூடிஎஃப்-8 அல்லாமல் சேமித்திருக்கிறீர்கள். அதைச் சரிசெய்ய முடியாது, மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: விழுந்த முகவரிகளை மூன்று நான்கு வகைகளாகப் பிரித்த பிறகும் எந்த வகையிலும் சேராதவை நூறுக்கு மேல் மிஞ்சினால். ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த ஒருவர் பழைய டேட்டாபேஸையும் புதியதையும் பொருத்திப் பட்டியல் எடுத்துக் கொடுப்பார். அவரிடம் கொடுக்க அந்தப் பழைய டேட்டாபேஸ் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

## அறிகுறி: விதி இருக்கிறது, ஆனால் பழைய முகவரியில் ஏதோ ஒரு பக்கம் திறக்கிறது

விதியில் தவறில்லை, அந்த முகவரியில் உண்மையாகவே ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஷாப்பிஃபையில் ரீடைரக்ட் வேலை செய்ய வேண்டுமென்றால் பழைய முகவரியில் பக்கம் எதுவும் இருக்கக் கூடாது. நெட்லிஃபையிலும் அப்படித்தான், ஆனால் அங்கே எண்ணுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டால் பக்கம் இருந்தாலும் விதியே வெல்லும். அந்தப் பக்கத்தை நீக்குங்கள் அல்லது பெயர் மாற்றுங்கள். வேலை முடிந்தது.

## அறிகுறி: "பலமுறை திருப்பிவிடப்பட்டது" என்ற பிழை

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் 20 தாவலோடு களைத்துப்போய் இந்தப் பிழையைக் காட்டும். ஒருவர் அங்கே போ என்கிறார், அங்கே இருப்பவர் இங்கே போ என்கிறார். யார் அந்த இருவர் என்று கண்டுபிடித்தால் போதும்.

1. முதலில் குக்கீயையும் கேஷையும் அழித்துப் பாருங்கள். கர்லில் சுழல் இல்லை, பிரவுசரில் மட்டும் இருக்கிறது என்றால் வேறெதையும் தொடாதீர்கள்.

2. கர்லில் முதல் மூன்று தாவல்களின் லொகேஷன் வரிகளை எழுதிவையுங்கள். மாறிமாறி வருவது மூன்று டபிள்யூ இருக்கும் முகவரியும் இல்லாத முகவரியுமா? சர்வர் ஒன்றையும் வேர்ட்பிரஸ் அமைப்பில் உள்ள தள முகவரி இன்னொன்றையும் விரும்புகின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு இடத்திலும் அதையே எழுதுங்கள். மாறிமாறி வருவது கடைசிச் சாய்கோடா? சர்வர் விதி சேர்க்கிறது, பிளாட்ஃபார்ம் நீக்குகிறது. சர்வர் விதியை எடுத்துவிடுங்கள். பிளாட்ஃபார்மோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

3. லொகேஷன் வரி நீங்கள் கேட்ட அதே எச்டிடிபிஎஸ் முகவரியையே திரும்பக் காட்டுகிறதா? முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற ஒன்று இருந்து, அதன் எஸ்எஸ்எல் அமைப்பு ஃபிளெக்சிபிள் என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். வாசகர் வருவது பாதுகாப்பான வழியில், ஆனால் உங்கள் சர்வரிடம் போவது சாதாரண எச்டிடிபியில். சர்வர் "எச்டிடிபிஎஸ்ஸில் வா" என்கிறது. மறுபடி அதே கதை. சர்வரில் சான்றிதழ் ஒன்றைப் போட்டு, அமைப்பை ஃபுல் ஸ்டிரிக்ட் என்று மாற்றுங்கள். சர்வரில் உள்ள எச்டிடிபிஎஸ் விதியை நீக்குவதும் சுழலை நிறுத்தும், ஆனால் பின்வாசல் திறந்தே இருக்கும்.

4. ரீடைரக்ட் பிளகின் ஒன்று, சர்வர் விதி ஒன்று, சிடிஎன் (கிளவுட்ஃபிளேர் போல முன்னால் நிற்கும் சேவை) விதி ஒன்று என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தால் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். விதிகள் ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும். எந்த இடம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, ஓர் இடம் என்பதில் இருக்கிறது.

மேலாண்மைப் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் சுழன்றுகொண்டிருந்து, டேட்டாபேஸில் கை வைக்கப் பழக்கமில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: திருப்பிவிடுகிறது, ஆனால் தவறான பக்கத்துக்கு

எல்லா முகவரியும் அடுத்த கட்டுரைக்குப் போகிறதா? விரிதாளில் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள், அல்லது ஒரு கலம் நழுவியிருக்கிறது. ஒருமுறை நான் பார்த்த பட்டியலில் இலக்கு முகவரிகள் எல்லாம் எண்ணில் முடிந்தன. யாரோ முதல் கலத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறார்கள். விரிதாளும் சொன்ன பேச்சைக் கேட்டு 23, 24, 25 என்று நிரப்பிக்கொண்டே போயிருக்கிறது. எல்லா முகவரியும் உண்மையான பக்கங்கள்தான், அதனால் 404 ஒன்றுகூட வரவில்லை. பல வாரம் யாரும் கவனிக்கவில்லை. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பட்டியலிலிருந்து எழுந்தமானத்துக்கு இருபது முகவரிகளை எடுத்து, போய்ச் சேர்ந்த பக்கத்தின் தலைப்பைப் படித்துப் பாருங்கள்.

சில முகவரிகள் மட்டும் தவறான இடத்துக்குப் போனால், பொதுவிதி ஒன்று தனிவிதியை முந்திக்கொண்டது. விதிகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவது ஜெயிக்கும். தனி முகவரிகள் மேலே, பொதுவிதிகள் கீழே. அப்பாச்சியின் எளிய ரீடைரக்ட் விதி முன்னொட்டைத்தான் பார்க்கும்: /செய்தி என்று எழுதினால் /செய்தி/மழை என்பதும் அதில் சிக்கும், மிச்சமுள்ள வால் புதிய முகவரியோடு ஒட்டப்படும். முழுப் பொருத்தம் வேண்டுமென்றால் ரீடைரக்ட்மேட்ச் எழுதி, தொடக்கக் குறியும் (^) முடிவுக் குறியும் ($) போடுங்கள்.

வேர்ட்பிரஸ் தளத்தில் நீங்கள் எழுதாத ரீடைரக்ட் நடக்கிறதா? 404 ஆக வேண்டிய முகவரிக்கு, அதே எழுத்துகளில் பெயர் தொடங்கும் வேறொரு பதிவை வேர்ட்பிரஸ் தானே ஊகித்து அனுப்பிவிடும். நல்ல எண்ணம்தான், ஆனால் சோதிக்கும்போது குழப்பும். அந்த முகவரிக்கு நீங்களே ஒரு விதி எழுதிவிட்டால் ஊகத்துக்கு வேலை இல்லை.

பழைய பக்கம் எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டிருந்தால், அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கூகுள் அதை சாஃப்ட் 404, அதாவது திறந்தாலும் இல்லாத பக்கம், என்றுதான் எடுத்துக்கொள்ளும். செய்முறை தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். நிகரான பக்கம் இருந்தால் அதற்கு அனுப்புங்கள். இல்லையென்றால் 404 அல்லது 410 என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். 410 என்றால் "நீக்கிவிட்டேன், இனி தேடாதே" என்று அர்த்தம்.

## அறிகுறி: எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது, ஆனால் தேடலில் சரிவு

முதல் சில வாரங்கள் ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். நடுத்தர அளவுள்ள தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் புதிய முகவரிக்கு மாறவே சில வாரங்கள் பிடிக்கும். அதைத் தாண்டியும் ஏறவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

நோஇண்டெக்ஸ். தேடலில் காட்டாதே என்று சோதனைத் தளத்தில் போட்ட தடை, தளம் நேரலைக்கு வந்த பிறகும் நீக்கப்படாமல் இருக்கிறது. வேர்ட்பிரஸில் இது ஒரே ஒரு டிக். வெட்கப்பட வேண்டாம், எல்லோருக்கும் நடக்கிறதுதான்.

எண் 301 இல்லை. அப்பாச்சியின் ரீடைரக்ட், பிஎச்பியில் எழுதும் லொகேஷன் தலைப்பு, கிளவுட்ஃபிளேர் பேஜஸின் விதிக் கோப்பு ஆகிய மூன்றிலும் எண்ணை எழுதாமல் விட்டால் 302 என்று போகும். 302 தற்காலிகம், அதனால் தேடுபொறி பழைய முகவரியையே பிடித்துவைத்திருக்கும். எப்போதும் எண்ணை எழுதுங்கள். பதிலில் 308 வந்தால் பதற வேண்டாம், அதுவும் நிரந்தரம்தான். வெர்செல் போன்றவை அதைத்தான் கொடுக்கும்.

தேடுபொறி எங்கே போகலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு பழைய முகவரிகளைத் தடுக்கிறது. பழைய பக்கங்களை இனி யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்துத் தடுத்துவிடுகிறார்கள். தடுத்தால் கூகுள் அந்த முகவரியைத் தட்டவே தட்டாது, தட்டாவிட்டால் ரீடைரக்டைப் பார்க்காது. தடையை எடுங்கள். பழைய முகவரிகளின் சைட்மேப்பையும் சில மாதம் விட்டுவையுங்கள், கூகுள் ஒவ்வொன்றாக வந்து பார்க்க அது உதவும்.

சங்கிலி. இதற்கு முன்பும் ஒருமுறை தளம் மாறியிருந்தால், முதல் முகவரியிலிருந்து இரண்டாவதுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு, அப்புறம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அப்புறம் சாய்கோட்டுக்கு என்று நீளும். கூகுளின் தேடல் ரோபாட்டான கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும். ஆனால் மூன்றுக்குள் வைப்பதுதான் நல்லது என்று கூகுளே சொல்கிறது. பழைய விதிகளின் இலக்கை எல்லாம் நேராகக் கடைசி முகவரிக்கு மாற்றுங்கள்.

கேனானிக்கல் குறி. இந்தப் பக்கத்தின் அசல் முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி அது. புதிய பக்கத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள். அந்த வரியில் பழைய டொமைனோ சோதனை டொமைனோ இருந்தால், ரீடைரக்ட் ஒரு பக்கம் இழுக்கிறது, கேனானிக்கல் இன்னொரு பக்கம் இழுக்கிறது. கட்டுரைகளுக்குள் இருக்கும் இணைப்புகள் இன்னும் பழைய முகவரியைக் காட்டுகின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

டொமைன் மாறியது, சர்ச் கன்சோலில் சொல்லவில்லை. முகவரி மாற்றக் கருவி என்று ஒன்று அங்கே இருக்கிறது. ஒருமுறை கொடுத்தால் 180 நாள் செல்லும். டொமைன் மாறாமல் உள்பாதைகள் மட்டும் மாறியிருந்தால் அது உங்களுக்கு வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து இரண்டு மூன்று மாதமாகியும் சரிவு நிற்கவில்லை என்றால், காரணம் ரீடைரக்டில் இல்லை. உள்ளடக்கத்தில் எதையோ விட்டிருக்கலாம், தளம் மெதுவாகியிருக்கலாம். எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னேற்றும் வேலை) தெரிந்தவரிடம் போக வேண்டிய இடம் இது. போகும்போது அந்த மூன்று நெடுவரிசைப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். அதைக் கேட்காமலேயே விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க நான் யோசிப்பேன்.

## அறிகுறி: பக்கம் வருகிறது, படமும் பிடிஎஃப்பும் வரவில்லை

பட்டியல் எடுக்கும்போது பக்கங்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். பழைய சர்வர் லாகில் படம், பிடிஎஃப் முகவரிகளை வடிகட்டுங்கள். கோப்புறை அமைப்பை அப்படியே நகலெடுத்திருந்தால் ஒரே பொதுவிதி போதும். செய்தியோடையின் (ஆர்எஸ்எஸ்) பழைய முகவரியையும் இதோடு சேர்த்துவிடுங்கள். அதில் சந்தா வைத்திருப்பவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள்.

## அறிகுறி: படிவம் அனுப்பினால் வெறுமையாகப் போய்ச் சேர்கிறது, கட்டணத் தகவல் வரவில்லை

301, 302 இரண்டிலும், அனுப்பிய விவரத்தைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு புதிய முகவரிக்குப் போவது பிரவுசர்களின் வழக்கம். விவரத்தோடு போக வேண்டுமென்றால் 307 அல்லது 308. ஆனால் கட்டணச் சேவை, பிற மென்பொருள்கள் உங்கள் சர்வரைக் கூப்பிடும் வெப்ஹுக் முகவரிகளுக்கு ரீடைரக்டையே நம்பாதீர்கள். பல சேவைகள் திருப்பத்தைப் பின்தொடராது. அந்தச் சேவையின் அமைப்புக்குள் போய் முகவரியையே மாற்றிவிடுங்கள். பணம் சம்பந்தப்பட்டது என்பதால் இதில் ஊகித்துப் பார்க்காமல், அதை முதலில் இணைத்துக் கொடுத்தவரையே அழைப்பது நல்லது.

## அறிகுறி: பல மாதம் வேலை செய்தது, திடீரென்று நின்றுவிட்டது

விதியை யாரும் தொடவில்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். முதலில் பழைய டொமைனின் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பாருங்கள். பிரவுசர் முதலில் சான்றிதழைச் சரிபார்க்கும், அதன் பிறகுதான் சர்வர் "அங்கே போ" என்று சொல்லவே முடியும். சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டால் வாசகர் பார்ப்பது எச்சரிக்கைப் பக்கம், உங்கள் ரீடைரக்ட் அல்ல. பழைய டொமைனை யாரும் நேரில் பார்ப்பதில்லை என்பதால் இது வாரக்கணக்கில் தெரியாமல் கிடக்கும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டில் பழைய டொமைனின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேருங்கள்.

அடுத்தது பிளகின். விதிகள் பிளகினுக்குள் இருந்து, "இது எதற்கு" என்று யாரோ அணைத்திருக்கலாம். அல்லது பழைய முகவரியின் அதே பெயரில் யாரோ புதிய பக்கம் உருவாக்கியிருக்கலாம்.

கடைசியில் டொமைன் பதிவு. ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்பது கூகுளின் அறிவுரை. அது தேடுபொறிக்குப் போதும். பழைய மின்னஞ்சலில், அச்சான புத்தகத்தில், யாரோ ஒருவருடைய புக்மார்க்கில் இருக்கும் இணைப்புகளுக்கு ஒரு வருடம் என்ற கணக்கெல்லாம் தெரியாது. பதிவு காலாவதியாகி, சலுகைக் காலத்துக்குள் இருந்தால் இன்றே புதுப்பித்துவிடுங்கள், கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். வேறொருவர் கைக்குப் போய்விட்டது என்றால் விதி எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்களை இணைத்திருக்கும் முக்கியத் தளங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் புதிய முகவரியை எழுதி அனுப்ப உட்கார வேண்டியதுதான்.